அறிவுப் பணியாளர்களை நடத்துவது எப்படி? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில், பதினான்கு பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். கட்டட வரைபடம் போடுவதும் கணக்கு எழுதுவதும் எங்கள் தொழில். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். அதற்கு முன்பு சில வருடங்கள் அரச சார்பற்ற நிறுவனம் ஒன்றில் வேலை செய்தேன். கூட்டுறவுச் சங்கத் தலைவர்கள், பாடசாலை அதிபர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர்கள் எனப் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அறிவுப் பணியாளர் என்று யாரைச் சொல்கிறார்கள்? எங்கள் பக்கத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்?

இந்தப் பெயரை 1959இல் எழுத்துக்குக் கொண்டுவந்தவர் முகாமைத்துவ அறிஞர் பீட்டர் டிரக்கர். தொழிலுக்கு வேண்டிய முதன்மையான கருவியைத் தன் தலைக்குள் வைத்திருப்பவரே அறிவுப் பணியாளர். உழவு இயந்திரம் முதலாளியின் கொட்டிலில் நிற்கும். சாரதி வேலையை விட்டுப் போனாலும் இயந்திரம் அங்கேயேதான் இருக்கும். அறிவுப் பணியாளர் மாலையில் வீட்டுக்குப் புறப்படும்போது கருவியும் அவரோடு படலையைத் தாண்டிப் போய்விடுகிறது. மறுநாள் அது திரும்பி வருமா என்பது அவரை நாம் நடத்தும் விதத்தைப் பொறுத்தது.

கணினிக்கு முன் இருப்பவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வருவார்கள் என்று நினைக்க வேண்டாம். நெல்லில் விழுந்த நோயை இலையைப் பார்த்துச் சொல்லும் விவசாயப் போதனாசிரியர், எந்தத் தாய்க்கு எப்போது சிக்கல் வரலாம் என்று ஊகிக்கும் குடும்பநல உத்தியோகத்தர், நில அளவையாளர், எந்தக் காணிக் கோவை எந்த மேசையில் தேங்கி நிற்கிறது என்று அறிந்த பிரதேச செயலக உத்தியோகத்தர் ஆகிய எல்லோரும் அறிவுப் பணியாளர்கள்தான். கிளிநொச்சியின் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. நம் பிள்ளைகள் படித்து வெளியே வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்த தலைவர்கள்தான் நம்மிடம் போதாது.

வயலில் கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்கிப் பழகியவன் நான். இதில் என்ன பெரிய வித்தியாசம்?

வரம்பில் நின்று பார்த்தால் யார் களை பிடுங்குகிறார், யார் நிமிர்ந்து நிற்கிறார் என்று தெரியும். அந்த வகை வேலைக்கென்று ஒரு மேற்பார்வைக் கலை உருவாகி நூறு வருடத்துக்கு மேலாகிறது. அமெரிக்காவின் பெத்லகேம் உருக்காலையில் பிரெடரிக் டெய்லர் என்ற பொறியியலாளர், ஒரு தொழிலாளி ஒரு தடவையில் சவலால் எவ்வளவு அள்ளினால் நாள் முழுவதும் கூடுதலாக வேலை நடக்கும் என்று அளந்து பார்த்தார். 21 இறாத்தல் என்று விடை வந்தது. அதற்கேற்ப ஒவ்வொரு பொருளுக்கும் வெவ்வேறு அளவில் சவல் கொடுத்தார். அங்கே செய்ய வேண்டியது என்ன என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. எப்படி விரைவாகச் செய்வது என்பது மட்டுமே கேள்வி.

நம் அலுவலகத்தில் 'எதைச் செய்வது' என்பதே முதல் சிக்கல். வாடிக்கையாளர் "சமையலறையைப் பெரிதாக்க வேண்டும்" என்று எழுதுகிறார். அவருக்கு உண்மையில் வேண்டியது வெளிச்சமாக இருக்கலாம். சுவரை இடிக்காமல் ஒரு யன்னலோடு முடியக்கூடிய காரியமாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு பிள்ளை அரை மணி நேரம் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், அது சும்மா இருப்பதாகாது. ஆரம்பத்தில் இதை விளங்கிக்கொள்ளாமல், யார் விசைப்பலகையில் தட்டுகிறார்கள், யார் தட்டவில்லை என்று நான் நடந்து நடந்து பார்த்திருக்கிறேன். நான் அருகே போகும்போதெல்லாம் எல்லோரும் தட்டினார்கள். நான் அப்பால் போன பிறகுதான் யோசித்தார்கள்.

எதைச் சொன்னாலும் "ஓம் சேர்" என்கிறார்கள். ஆனால் வேலை நடப்பதில்லை. ஏன்?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நம் ஊரில் "ஓம்" என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு. விளங்கியது என்பது ஒன்று. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது இன்னொன்று. நீங்கள் பெரியவர், உங்கள் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச மாட்டேன் என்பதும் ஒன்று. "நான் இதை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவேன்" என்ற பொருள் அதில் எப்போதாவதுதான் இருக்கும். பள்ளியிலும் கோயிலிலும் வீட்டிலும் பெரியவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது என்று வளர்த்த பிள்ளைகளை, அலுவலகத்துக்கு வந்த அன்றே வாய் திறக்கச் சொன்னால் எப்படித் திறப்பார்கள்?

எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். லண்டனில் ஒரு வீட்டின் கூரைக்குள் அறை எடுக்கும் வேலை. இங்கிலாந்தில் மாடிப்படியில் ஏறும்போது தலைக்கு மேல் பொதுவாக 2 மீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். கூரைக்குள் அறை எடுக்கும்போது இடம் போதாவிட்டால், படியின் நடுவில் 1.9 மீற்றர் வரை ஏற்றுக்கொள்வார்கள். எங்கள் வரைபடத்தில் அது 1.86 மீற்றராக இருந்தது. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரைபடத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டிய தங்கச்சி, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆனவள், செவ்வாய்க்கிழமையே பிழையைக் கண்டுவிட்டாள். பென்சிலால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டமும் போட்டிருந்தாள். பிறகு அழிறப்பரால் அதை அழித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வரைபடம் லண்டனுக்குப் போனது. அங்கே கட்டடம் கட்டுபவர் பிழையைக் கண்டு தொலைபேசியில் அழைத்தபோது எனக்கு முகம் சிவந்துபோனது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு நான் எப்படிச் சொல்வது, சேர்?" என்றாள்.

காகிதத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். அழித்த வட்டத்தின் தடம் தெரிந்தது. அந்தப் பிழைக்கு அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மன்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து மாறிக் கொடுக்கப்படும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு எதிர்மாறாக வந்தது. நல்ல பிரிவுகளில்தான் கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தாதியர்கள் தவறை மறைக்காமல் வெளியே சொன்னதே அதற்குக் காரணம் என்று பிறகு விளங்கியது. அச்சமின்றிப் பேசக்கூடிய அந்தச் சூழலைப் பற்றி 1999இல் விரிவாக எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பென்சில் வட்டம்தான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் சில பழக்கங்களை மாற்றினோம். கூட்டத்தில் நான் கடைசியாகத்தான் பேசுவேன். நான் முதலில் கருத்துச் சொன்னால் அதற்குப் பிறகு வேறு கருத்து வராது. "விளங்கியதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு "ஓம்" தவிர வேறு பதில் நம் ஊரில் கிடையாது. "இதில் எந்த இடத்தில் இடறும்?" என்று கேட்கிறேன். எனக்கு வரும் ஒவ்வொரு வரைபடத்துடனும், அதை வரைந்தவருக்கு ஐயமாக உள்ள ஓர் இடத்தையாவது எழுதித் தர வேண்டும் என்று விதி வைத்தோம். ஐயம் எழுதுவது கடமையாகிவிட்டதால் அதில் மரியாதைக் குறைவு என்ற பேச்சுக்கு இடமில்லை. என் பிழையை யாராவது பிடித்தால் எல்லோருக்கும் முன்னால் நன்றி சொல்கிறேன். இதெல்லாம் பழக ஏறக்குறைய ஒரு வருடம் சென்றது. கெட்ட செய்தி கொண்டுவந்த ஒருவரிடம் நான் ஒரு முறை சள்ளென்று விழுந்தபோது, அதன் பிறகு இரண்டு மாதம் ஒருவரும் எதையும் சொல்லவில்லை. ஒரு வருடம் கட்டியது ஒரு நிமிடத்தில் போனது.

எனக்கு 28 வயது. எனக்குக் கீழே 50 வயதுக்காரர் வேலை செய்கிறார். எப்படி நடத்துவது?

அவரை "அண்ணா" என்றோ "ஐயா" என்றோதான் கூப்பிடுங்கள். பதவிக்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால் அலுவலகம் முழுவதும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். அது நியாயமும்கூட. முறை சொல்லி அழைப்பதால் உங்கள் அதிகாரம் குறைந்துவிடாது. ஆனால் வேலையில் உள்ள குறையைச் சொல்லாமல் விடுவதற்கு அந்த முறையைச் சாட்டாக வைக்கவும் வேண்டாம். தனியே கூப்பிட்டு, "அண்ணா, இந்த மாதக் கணக்கில் மூன்று பதிவுகள் மாறி விழுந்திருக்கின்றன, எப்படி நடந்தது என்று சேர்ந்து பார்ப்போமா?" என்று கேட்டால் போதும். மற்றவர்களுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். அவருடைய பிள்ளைகளின் வயதில் இருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்ய விடலாமா? ஏமாற்ற மாட்டார்களா?

விடலாம். ஏமாற்றுகிறவர் அலுவலகத்தில் இருந்தும் ஏமாற்றுவார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேறு வழியின்றித் தொடங்கினோம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. எரிபொருளுக்கு வரிசையில் நாள்கணக்கில் நின்ற காலம் அது. மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். பின்னிரவு இரண்டு மணிக்குக் கணக்குகள் முடிந்து வந்தன. ஒரு வேலையும் பிந்தவில்லை. நான் காவல் நிற்காமலே எல்லாம் நடந்ததைப் பார்த்தது எனக்கு ஒரு பாடம்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ளே இருந்து வரும் பெண்களுக்கு இது இன்னும் பெரிய விடயம். மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டில் இறங்கி நடக்க வேண்டும். நல்ல வேலைக்காரப் பெண்கள் திறமைக் குறைவால் வேலையை விடுவதில்லை, பஸ்ஸால் விடுகிறார்கள். எங்களிடம் இரண்டு பேர் கிழமையில் மூன்று நாள் வீட்டிலிருந்து செய்கிறார்கள். சிக்னல் கிடைக்க ஒருவர் மாமரத்தடியில் மேசை போட்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் முதல் ஆறு மாதம் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறேன். பக்கத்து மேசையில் இருப்பவர் எப்படி யோசிக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் பழக முடியும்.

திரையை ஒளிந்திருந்து படம் பிடிக்கும் மென்பொருளைச் சிலர் விற்க வருகிறார்கள். வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேவு பார்க்கப்படுவது என்றால் என்னவென்று இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கனடா வாடிக்கையாளர்கள் இரவில் அழைக்கிறார்கள். என்ன செய்வது?

டொரன்டோவில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. லண்டனில் காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 2.30 அல்லது 1.30. இதை அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரவு அழைப்பைச் சுழற்சி முறையில் ஒருவர் எடுக்கட்டும். அவர் மறுநாள் பிந்தி வரட்டும். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவதும் வேலைதான். அதைச் சும்மா வாங்கக் கூடாது.

மணித்தியாலத்தைப் பார்க்கக் கூடாது என்றால் வேறு எதை அளப்பது?

அளப்பதற்கு முன்பு, அந்த எண்ணைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்று வந்தால் ஒருவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் களப் பணியாளர் ஒவ்வொருவரும் மாதத்துக்கு எத்தனை வீடுகளுக்குப் போனார் என்று எண்ணினார்கள். ஆறு மாதத்தில் எண் இரட்டிப்பானது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் கொண்ட குடியேற்றங்களுக்கு எல்லோரும் திரும்பத் திரும்பப் போனார்கள். காட்டோரம் தனியே இருந்த வீடுகளுக்கு ஒருவரும் போகவில்லை. உதவி மிகவும் தேவைப்பட்டவர்கள் அந்தத் தனி வீடுகளில்தான் இருந்தார்கள். அறிக்கை மட்டும் அழகாக இருந்தது.

அறிவுப் பணியில் தரமும் அளவும் குறைந்தபட்சம் ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்று டிரக்கரும் வலியுறுத்தினார். நாங்கள் எண்ணிக்கைக்குப் பதிலாக, அனுப்பிய வேலையில் எத்தனை திருத்தத்துக்குத் திரும்பி வந்தன, ஏன் வந்தன என்று பார்க்கிறோம். மாதத்துக்கு ஒரு முறை ஒருவருடைய வேலையை எடுத்து எல்லோரும் சேர்ந்து படிக்கிறோம். முதல் முறை என் வேலையை வைத்தோம்.

பழக்கி எடுத்தவுடன் அரச வேலை என்றும் வெளிநாடு என்றும் போய்விடுகிறார்கள். எதற்குப் பழக்குவது?

வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடம் கையைப் பிடித்துப் பழக்கிய ஒரு தம்பி, பட்டதாரி நியமனக் கடிதத்துடன் வந்து நின்றபோது என்னால் ஒரு நிமிடம் பேச முடியவில்லை. ஆனால் அவனுடைய தாய்க்கு அந்தக் கடிதம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் பல முறை இழந்த குடும்பங்கள் இவை. ஓய்வூதியம் உள்ள வேலை அவர்களுக்கு எந்தச் சம்பளத்தையும்விடப் பெரிது.

அதனால் முதலில் உங்கள் பக்கத்தைச் சரியாக வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், பணியாளரின் பங்கு 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். இவற்றை ஒழுங்காகக் கட்டி, கட்டியதற்கான விவரத்தைப் பணியாளரிடம் காட்டுங்கள். தனியார் வேலை என்றால் நாளைக்கு இல்லாத வேலை என்ற எண்ணம் இதனால் ஓரளவு மாறும். அதற்கடுத்து, சம்பளம் கூட்டுவதோடு நின்றுவிடாமல், இங்கே இருந்தால் இன்னும் மூன்று வருடத்தில் அவர் என்ன கற்றிருப்பார் என்று அவரோடு இருந்து பேசுங்கள்.

இவ்வளவும் செய்த பின்பும் போவார்கள். அப்போது அறிவு முழுவதும் அவர்களோடு போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. எங்கள் ஊர்க் குளத்தில் துருசு திறந்துவிடும் பெரியவர் ஒருவர் இருந்தார். எத்தனை சுற்றுத் திறந்தால் வாய்க்காலின் கடைசி வயலுக்கு விடியும்போது தண்ணீர் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மேலே யார் உழுகிறார்கள் என்பதைக் கேட்டுக் கால் சுற்றுக் கூட்டுவார், குறைப்பார். அவர் காலமான வருடம் சிறுபோகத்தில் மேல் வயல்களில் தண்ணீர் வழிந்தது, கடைசி வயல்கள் வெடித்தன. துருசும் குளமும் அப்படியே இருந்தன.

கடைசி நாளில் "எல்லாவற்றையும் எழுதித் தா" என்று கேட்டால் ஒன்றும் வராது. தனக்கு என்ன தெரியும் என்பதே பலருக்குத் தெரியாது. நாங்கள் எந்த முக்கியமான வேலையிலும் இருவரை வைக்கிறோம். ஒருவர் செய்யும்போது மற்றவர் பக்கத்தில் இருந்து "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுகிறார். போனவர்களையும் பகைக்காதீர்கள். அந்தத் தம்பி இன்றும் சனிக்கிழமைகளில் வந்து புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

மே மாதத்தில் சிலர் சோர்ந்துபோகிறார்கள். தலைவராக நான் என்ன செய்ய வேண்டும்?

2009இல் பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது நம் அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்து, செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குள் இருந்து படித்தவர்கள். இதை எந்த முகாமைத்துவப் பாடநெறியிலும் சொல்லித் தர மாட்டார்கள். ஆனால் வன்னியில் தலைமை என்று பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

ஒரு முறை எங்கள் அலுவலகத்தில் மேசைகளை மாற்றிப் போட்டோம். வெளிச்சம் நன்றாக வரும், எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம் என்று நானே திட்டம் போட்டேன். ஒரு பையன் மட்டும் ஒவ்வொரு நாளும் எல்லோருக்கும் முன்பாக, ஏழரைக்கே வந்து சுவரோரக் கதிரையில் இருந்துவிடுவான். அடம்பிடிக்கிறான் என்று நினைத்தேன். ஒரு நாள் வெளியே ஜெனரேட்டர் வெடிச் சத்தத்துடன் இயங்கியபோது அவன் இரண்டு கைகளாலும் மேசையின் விளிம்பைப் பிடித்ததைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் திறந்த வெளி இருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே ஒன்றும் பேசாமல் அந்தக் கதிரையை அவனுக்கென்று ஆக்கிவிட்டோம். ஜெனரேட்டரைக் கட்டடத்தின் பின்பக்கம் கொண்டுபோனோம்.

மே 18 அன்று லீவு எடுப்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். அந்தக் கிழமையில் பெரிய வேலை ஒப்படைக்கும் நாளை வைக்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் தோண்ட வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதும் தவறு. வெளிநாட்டில் இருந்து விருந்தினர் வரும்போது பணியாளர்களின் துயரக் கதையைச் சொல்லி அறிமுகப்படுத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அவர்கள் வரைந்த வரைபடத்தைக் காட்டி அறிமுகப்படுத்துங்கள்.

அறுவடைக் காலத்தில் பாதிப் பேர் வருவதில்லையே?

காலபோக அறுவடையில் இயந்திரம் எந்த நாள் கிடைக்கும் என்று வயல்காரருக்கே முன்கூட்டித் தெரியாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாள் தெரியும், இதற்குத் தெரியாது. எனவே அந்த ஆறு கிழமைக்கு, காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு லீவு எடுக்கலாம் என்று விட்டிருக்கிறோம். ஒரே நாளில் நால்வருக்கு மேல் போவதென்றால் அவர்களே தங்களுக்குள் பேசி ஒழுங்குபடுத்துகிறார்கள். பொய்யான காய்ச்சல்கள் நின்றுபோயின.

நான் அரச அலுவலகத்தில் கிளைத் தலைவர். தாபன விதிக்கோவையை மீற முடியாது. எனக்கு இதெல்லாம் சரிவருமா?

சம்பளம், லீவு, பதவி உயர்வு ஆகியவை உங்கள் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கூட்டத்தில் யார் முதலில் பேசுவது, வந்த கோவையைத் திருப்பி அனுப்பும்போது காரணம் எழுதுவதா இல்லையா, இளைய உத்தியோகத்தர் தயாரித்த அறிக்கையை மேலிடத்துக்குக் கொண்டுபோகும்போது அவருடைய பெயரைச் சொல்வதா என்பதற்கெல்லாம் எந்த விதிக்கோவையும் தடை போடவில்லை. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். தன் பெயர் சொல்லப்பட்டது என்று கேள்விப்பட்ட உத்தியோகத்தர் அடுத்த அறிக்கையை எப்படி எழுதுவார் என்று பொறுத்திருந்து பாருங்கள். பட்டம் பெற்ற அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பலர் நகல் எடுப்பதற்கும் தபால் பதிவதற்கும் வைக்கப்பட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பொருளியல் படித்தவரிடம் உங்கள் பிரிவின் கடந்த ஐந்து வருடக் கொடுப்பனவுகளைக் கொடுத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி இந்தப் பிள்ளைகளின் வேலை என்னவாகும்?

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். மறைத்துப் பயன்படுத்துவதைவிட வெளிப்படையாகப் பயன்படுத்துவது நல்லது என்பதால் நானே சொல்லிவிட்டேன். ஆங்கிலக் கடிதத்தைத் திருத்த நன்றாக உதவுகிறது. தமிழில் கவனம் வேண்டும். ஒரு தடவை அரசாங்க அதிபருக்குப் போக வேண்டிய கடிதம், "மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு" என்று தயாராகி வந்தது. அப்படி ஒரு பதவி நம் நாட்டில் இல்லை. எழுதியவர் வாசிக்காமல் தந்துவிட்டார். அதற்குப் பிறகு, எந்தக் கருவி எழுதினாலும் பெயர் போட்டுத் தருகிறவரே முழுப் பொறுப்பு என்பது எங்கள் விதி.

வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், வங்கி விவரம், காணி உறுதி ஆகியவற்றை அதற்குள் போடக் கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. எனக்கு உள்ள பெரிய கவலை வேறு. புதியவர்கள் சின்னச் சின்ன வேலைகளைச் செய்துதான் கை தேறினார்கள். அந்தச் சின்ன வேலைகளை இயந்திரம் செய்துவிட்டால் அவர்கள் எங்கே பழகுவார்கள்? அதனால் முதல் வருடக்காரர்கள் முதலில் தாங்களாகச் செய்ய வேண்டும், பிறகு கருவி செய்ததோடு ஒப்பிட்டு எது சரி, ஏன் என்று சொல்ல வேண்டும். நேரம் கூடுதலாகப் போகிறது. போகட்டும்.

மிகத் திறமையாக வேலை செய்கிறவரைத்தானே பிரிவுத் தலைவராக ஆக்க வேண்டும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் அலுவலகத்தில் வரைபடத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். புதுக்குடியிருப்புப் பக்கத்தவர், அதிகம் பேச மாட்டார். அவரை ஐந்து பேருக்குத் தலைவராக்கினேன். வீட்டில் பாற்சோறு பொங்கினார்கள். மூன்று மாதத்தில் அவருடைய முகம் வாடிவிட்டது. பகல் முழுவதும் மற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, இரவில் இருந்து தன் வரைபடத்தைப் போட்டார். ஒருவருக்கும் குறை சொல்ல மனம் வராமல் அவர்களுடைய வரைபடங்களையும் தானே திருத்தினார்.

ஒரு நாள் எல்லோரும் போன பிறகு வந்து நின்றார். "சேர், நான் பழைய வேலைக்கே போகலாமா?" என்று கேட்டார். பதவி இறங்கினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று அவர் எத்தனை இரவு யோசித்திருப்பார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. தலைமை வேறு தொழில், வரைபடம் வேறு தொழில் என்பதை நான் முன்பே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். சம்பளம் ஏறுவதற்கு ஆட்களை மேய்ப்பதைத் தவிர வேறு ஏணி எங்கள் அலுவலகத்தில் இல்லாமல் போனது என்னுடைய குறைதான்.

"முதன்மை வரைஞர்" என்று ஒரு பதவியை உருவாக்கினோம். அவருக்குக் கீழே ஆட்கள் இல்லை. கடினமான வேலைகள் அவரிடம் போகும், அவர் சரி என்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. ஐந்து பேரின் பொறுப்பை, பென்சில் வட்டத்தை அழித்த அந்தத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். முதன்மை வரைஞரின் சம்பளம் இப்போது அவளுடையதைவிடக் கூட. என்னுடையதைவிடவும் இரண்டாயிரம் ரூபாய் கூட.